எலும்பு சொன்ன சாட்சி

பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர் அவளை விடவே இல்லை. வேலைக்குப் போன இடத்திலும் நெட்டை, கட்டிக்கொண்டவனுக்கும் நெட்டை. பெற்ற மகள்கூடக் கோபம் வந்தால் "போ, நெட்டையம்மா" என்றுதான் சொல்வாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் செக்ஷனில் அவளுக்கு வேலை. நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் அளவுத்தாளைப் பரப்பி, மின்கத்தியை நிமிர்த்திப் பிடித்து வளைவு பிசகாமல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் மேஜையைச் சுற்றி வந்து எட்டுகிற நடுப்பகுதியை அவள் நின்ற இடத்திலிருந்தே சாய்ந்து எட்டிவிடுவாள். புதிதாகச் சேருகிறவர்களிடம் சூப்பர்வைசர், "அந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க" என்பார். "கையை நீளமாக்கிக்கறது எப்படின்னும் சொல்லித் தருவாங்களா சார்?" என்று அவர்கள் சிரிப்பார்கள்.

புருஷனுக்குத் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும் மோட்டார்களுக்கு மேல் பேசிப் பேசி அவன் தொண்டை அகன்றுவிட்டது. ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். குரல்தான் அப்படி, ஆள் பசு. அவள் காது மட்டத்துக்குத்தான் அவன் இருப்பான். வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏய் நெட்டை, மேல மழை வருதா? எங்களுக்கு இன்னும் வந்து சேரல" என்பான். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வலி முதலில் குதிகாலில் வந்தது. நின்றே செய்கிற வேலை, வலிக்கத்தானே செய்யும் என்று செருப்பை மாற்றினாள். செருப்பு மாறியது, வலி மேலே ஏறியது. முழங்கால், இடுப்பு, விலா என்று ஒவ்வொரு இடமாகக் குடிவந்து, எதையும் காலி செய்யாமல் உட்கார்ந்துகொண்டது. படுத்தால் புரள முடியவில்லை. புரண்டால் யாரோ உள்ளே கைவிட்டு முறுக்குவது போல இருந்தது.

டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. ஒருவர் வாதம் என்றார். ஒருவர் முதுகுத்தண்டு தேய்ந்திருக்கிறது என்று பெல்ட் கொடுத்தார். ஒருவர் வெயிலில் நில்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று வைட்டமின் மாத்திரை எழுதினார். ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை, கால்சியம் சரியாக இருக்கிறது. "எல்லாம் நார்மல்தாம்மா" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அவள் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். எல்லாம் நார்மல் என்றால் இந்த வலிக்கு யாரிடம் போய் முறையிடுவது?

கடைசியாகப் பார்த்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா?"

"இல்ல சார்."

"மனசுல எதையாவது போட்டுப் புழுங்கிட்டு இருந்தா உடம்பு இப்படித்தான் காட்டும்." தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒருநாள் வேலையில், மேஜையின் நடுவுக்குச் சாய்ந்தாள். கை எட்டவில்லை. இன்னும் சாய்ந்தாள். விரல்நுனிக்கும் வெட்டுக்கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சமிருந்தது.

"மேஜையை மாத்திட்டீங்களாக்கா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

"இந்த மேஜைதானே நான் வந்த நாள்லேருந்து இருக்கு."

அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் புருஷனைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே வந்து நின்றான். கண்ணுக்குக் கண் நேராக இருந்தது. அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதற்கப்புறம் அவன் அவளை நெட்டை என்று கூப்பிடவில்லை. மழை வருதா என்றும் கேட்கவில்லை.

ஒரு தும்மலில் விலா எலும்பு ஒடிந்தது. வாத்து போல இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடக்கத் தொடங்கினாள். தொழிற்சாலையில் ஆளாளுக்குப் பேசினார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றிக்கொள்ள நாடகம் போடுகிறாள் என்று காதுபடவே ஒருத்தி சொன்னாள். அந்த நாடகத்தையும் கொஞ்ச நாளைக்குத்தான் போட முடிந்தது. பிறகு படியேற முடியவில்லை, பிறகு வாசல் தாண்ட முடியவில்லை, பிறகு கட்டிலே கதி என்று ஆனது.

காலையில் எழுப்பிக் கழிவறைக்குக் கொண்டுபோவது புருஷன்தான். முதுகுக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை. எவ்வளவு பதமாகத் தூக்கினாலும் அவள் வீரிட்டுக் கத்துவாள். "கொஞ்சம் பொறுத்துக்கடி, பொறுத்துக்க!" என்று அவன் தன் பட்டறைக் குரலில் சொல்வான். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்குத் தினமும் விழித்ததும் காதில் விழுந்தது இதுதான்: ஒரு பெண்ணின் அலறல், ஓர் ஆணின் அதட்டல்.

அப்படித் தூக்கும்போதுதான் ஒரு காலையில் அவள் தொடையில் சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். அவன் கைக்குள்ளேயே அது முறிந்தது. அவனுக்கு அது கையில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். நல்ல மனசுள்ளவர், ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"தொடை மட்டும் இல்லம்மா. விலாவுல பழசா நாலஞ்சு முறிவு இருக்கு. இடுப்புல இருக்கு. பாதத்துல இருக்கு. சிலது ஆறியும் ஆறாமலும் இருக்கு. எப்படி ஆச்சு?"

"தானா ஆச்சு."

"தானா எப்படிம்மா ஆகும்?"

"தும்மினேன்."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. அவரு உள்ள வர மாட்டாரு. எங்கிட்டச் சொல்லலாம்."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. "ஐயோ, அவரு என்னைத் தொட்டதே இல்லைங்க. அடிக்கிற கையே இல்ல அது" என்று எழ முயன்று வலியில் சுருண்டாள். டாக்டர் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது, நம்பிக்கை இல்லை. அடி வாங்குகிற பெண்கள் எல்லாரும் இதைத்தானே சொல்வார்கள்.

போலீஸ் வந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். தினமும் சத்தம் கேட்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டீ டம்ளரோடு நின்றிருந்தவனை அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "சார், நான் தூக்கினேன், அவ்வளவுதான் சார்" என்று அவன் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. அந்தக் குரலே அவனுக்கு எமனாக இருந்தது. கேட்டவர்கள், "இந்தத் தொண்டைக்கு வீட்டுல எப்படி நடந்திருப்பான்" என்று பேசிக்கொண்டார்கள்.

அக்கா ஓடி வந்தாள். தாய் போன பிறகு இவளை வளர்த்தவள் அவள்தான். வந்தவள் தங்கையின் கோலத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"எத்தனை நாளாடி இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அக்கா, சத்தியமா அவரு எதுவும் பண்ணல. எனக்கு என்னமோ வியாதி."

"என்ன வியாதி? பேரு சொல்லு."

பேர் அவளுக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்?

"அத்தனை டாக்டரும் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. நீ வியாதிங்கற. ஒண்ணும் இல்லாத உடம்பு எப்படிடி ஒடியும்? பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன். அந்த வீட்டுல இனிமே ஒரு நாள்கூட அவ இருக்க வேண்டாம்."

மகள் கட்டிலுக்கு அருகில் வந்து நின்றாள். பள்ளிச் சீருடை கசங்கியிருந்தது. "அம்மா, அப்பா உன்னை அடிச்சாரா?"

"இல்லடா கண்ணு. நீதான் கூடவே இருந்தியே. பாத்திருக்கியா?"

"நான் தூங்கும்போது அடிச்சாராம்மா?"

பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் போய்விட்டாள்.

கால் எலும்பை இழுத்துக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். அசையாமல் மல்லாந்து கிடந்து அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்கள் போகப் போக மனசு கண்ட கண்ட பக்கம் போயிற்று. தூக்க மாத்திரை சாப்பிட்டுத்தானே படுத்தோம், நினைவில்லாத நேரத்தில் ஏதாவது நடந்திருக்குமோ என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதுமே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்க முடியவில்லை. இத்தனை பேர் ஒன்றைச் சொல்லும்போது ஒருத்தி மட்டும் இல்லை என்று எத்தனை நாள்தான் சொல்வாள்? ஆமாம் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்களா? செத்துப்போனால் அவனை விடுவார்களா, இன்னும் இறுக்குவார்களா? அதைக்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். செத்தால் அவன் கொலைகாரன் ஆகிவிடுவான் என்பது புரிந்தபோது, சாவதற்கும் வழியில்லை என்று தெரிந்தது.

அவனோ வேறு நரகத்தில் இருந்தான். ஸ்டேஷனில் சில நாள் வைத்திருந்து, மனைவி இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். பட்டறையில் வேலை போயிற்று. பூட்டிய வீட்டில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இறுகிப்போன நட்டைச் சாவி இல்லாமல் கழற்றுகிற கைகள். நாம்தான் அழுத்திப் பிடித்துவிட்டோமோ? தினமும் அழுத்தித்தான் தூக்கினோமோ? எலும்பு முறிந்த அந்த நொடி அவன் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடானது. தொடை எலும்புக்குள் கம்பி செலுத்தி நிறுத்த வேண்டும். எலும்பு டாக்டர் நரைத்த மீசைக்காரர், பேச்சு குறைவு. துளை போடும் கருவியை வைத்தார். எலும்பு எதிர்க்க வேண்டும். எதிர்க்கவில்லை. மெழுகில் போவது போலக் கருவி உள்ளே போயிற்று. அவர் ஒரு நொடி கையை எடுத்துவிட்டு, பிறகு பதமாகக் கம்பியைச் செலுத்தி முடித்தார்.

மறுநாள் வார்டுக்கு வந்து அந்தப் பெண் டாக்டரைக் கூப்பிட்டு, அவள் முன்னாலேயே சொன்னார்:

"இது அடிச்சு ஒடிஞ்ச எலும்பு இல்ல. கெட்டி எலும்பைத்தான் அடிச்சு ஒடிக்கணும். இது தூக்கினாலே ஒடியும். இந்த எலும்புல சரக்கே இல்ல. ஹார்மோன் டாக்டரைக் கூப்பிடுங்க."

அவள் விம்மி விம்மி அழுதாள். தன் பேச்சை நம்பிய முதல் ஆள் அவர். அதுவும் அவள் பேச்சைக் கேட்டல்ல, எலும்பைப் பார்த்து நம்பினார்.

ஹார்மோன் டாக்டர் குள்ளமான அம்மாள். தலையில் ஏற்றிவைத்த கண்ணாடியை மேஜையிலும் பையிலும் தேடுகிறவர். பழைய ரிப்போர்ட்டுகளை மடமடவென்று புரட்டிவிட்டு, "கால்சியம் பாத்திருக்காங்க, தைராய்டு பாத்திருக்காங்க, எல்லாத்தையும் பாத்திருக்காங்க. பாஸ்பரஸை ஒருத்தர்கூடப் பாக்கலையா?" என்றார். கேட்டது யாரை என்று தெரியவில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அன்றைக்கே முடிவு வந்தது. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. சிறுநீரில் மட்டும் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். எலும்பு கெட்டிப்படக் கால்சியம் மட்டும் போதாது, பாஸ்பரஸும் வேண்டும். அதை எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவு வெளியேற்றுவது என்று சிறுநீரகத்துக்குச் சொல்ல ஒரு ஹார்மோன் இருக்கிறது. சிலருக்கு உடம்பில் எங்காவது ஒரு மூலையில் சின்னக் கட்டி ஒன்று முளைத்து, அந்த ஹார்மோனை அளவில்லாமல் சுரந்து தள்ளும். சிறுநீரகம் அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கிறதையெல்லாம் வெளியே கொட்டும்.

"இப்படி ஒரு ஹார்மோன் இருக்குன்னே நான் படிக்கும்போது எங்க புத்தகத்துல கிடையாதும்மா. அப்புறம் கண்டுபிடிச்சதுதான். இப்போ ரத்தத்துலயே அளக்கலாம். கட்டியை எடுத்துட்டா வியாதியே போயிடும்."

"எடுத்துடுங்கம்மா."

"எங்க இருக்குன்னு தெரியணுமே."

அங்கேதான் மறுபடியும் பள்ளம். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. வேறு ஸ்கேன், அதிலும் இல்லை. பாஸ்பரஸ் தூளைத் தண்ணீரில் கரைத்து நாள் முழுக்கக் குடிக்கக் கொடுத்தார்கள். குடித்தால் வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. எழ முடியாதவளுக்கு அது எப்படிப்பட்ட தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டிப்போடுகிற புது ஊசி ஒன்று இருக்கிறது. அதற்காக அம்மாள் எங்கெங்கோ பேசிப் பார்த்தார், கிடைக்கவில்லை. எலும்பு டாக்டர் ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்தார். பார்க்கலாம் என்றார்கள். அக்காவோ, "டாக்டருங்க ஆளுக்கொண்ணு சொல்வாங்க. கட்டியைக் காட்டச் சொல்லு, நம்பறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வியாதி இருக்கிறது என்று ஆயிற்று; அதைக் கண்ணால் காட்ட முடியவில்லை. நார்மல் என்று சொன்ன நாட்களே தேவலை போல அவளுக்கு இருந்தது. அப்போதாவது புருஷன் பக்கத்தில் இருந்தான்.

ஒரு மத்தியானம் ஹார்மோன் டாக்டர் பழைய ஸ்கேன் படங்களை மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"காலு எங்க? இதுல காலே இல்லையே!"

வழக்கமாக அந்த ஸ்கேனைத் தலையில் தொடங்கித் தொடையோடு நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான வியாதிகளுக்கு அது போதும். தொடைக்குக் கீழே கட்டியை யாரும் தேடவே இல்லை.

பெரிய ஊர் ஒன்றில் புது வகை ஸ்கேன் வந்திருந்தது. ரத்தத்தில் ஒரு மருந்தை ஏற்றினால் இந்த மாதிரிக் கட்டியில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு படத்தில் மின்னும். ஆம்புலன்சில் படுக்கவைத்து அழைத்துப்போனார்கள். வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடித்தாள். உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் எடுக்க வேண்டும் என்று அம்மாள் ஃபோனில் கத்திச் சொல்லியிருந்தார்.

இடது பாதத்தின் குழிவில், தசைக்குள் ஆழமாக, பட்டாணி அளவில் அது மின்னிற்று. அவ்வளவுதான். அந்தப் பட்டாணிதான் அவளைக் குள்ளமாக்கியது, வேலையைப் பிடுங்கியது, பிள்ளையைப் பிரித்தது, புருஷனை ஜீப்பில் ஏற்றியது.

வெட்டி எடுத்தார்கள். அந்த வாரத்திலேயே ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறத் தொடங்கியது. அம்மாள் கண்ணாடியைத் தேடாமலே ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். ஆனால் வலி உடனே போகவில்லை. பசித்துக் கிடந்த எலும்பு நிரம்ப மாதக்கணக்கானது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து வாக்கருக்கு, பிறகு கைத்தடிக்கு. முதுகெலும்பு நசுங்கிப்போனது நசுங்கியதுதான். போன உயரம் வரவில்லை.

வழக்கை மூடினார்கள். மூடினோம் என்று வந்து சொல்லக்கூட ஆள் இல்லை. அவனே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டான். கட்டியின் படத்தை அக்காவுக்கும் காட்டினார்கள். அவன் வந்தபோது, "தம்பி, என்னை மன்னிச்சிடுப்பா" என்று அழுதாள். "பரவால்லக்கா" என்றான். காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு இருந்தது அவன் குரல். இப்போதெல்லாம் அவன் அப்படித்தான் பேசுகிறான்.

அவளுடைய ஸ்கேன் படங்களை மற்ற டாக்டர்களுக்குக் காட்டி விளக்க அனுமதி கேட்டார் ஹார்மோன் டாக்டர். பேர் வெளியே வராது, இன்னொருத்தர் இப்படிக் கஷ்டப்படாமல் இருக்க உதவும் என்றார். அவள் சரி என்றாள். சுவரோரமாக நின்றிருந்த புருஷன் மெதுவாகக் கேட்டான்: "ஸ்டேஷனுக்கும் ஒரு படம் அனுப்புவீங்களாம்மா?"

அம்மாள் குனிந்துகொண்டார்.

வேறு தெருவில் வீடு பார்த்தார்கள். மகள் திரும்பி வந்துவிட்டாள். அப்பாவிடம் பேசுகிறாள், சிரிக்கிறாள். அவன் ஏதாவது தவறவிட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கிறாள். தொழிற்சாலையில் தைத்த துணிகளைச் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. நாடகம் என்று சொன்னவள்தான் முதல் நாள் நாற்காலிக்கு மெத்தை கொண்டுவந்து போட்டாள்.

சமீபத்தில் ஒரு காலை. சமையலறையில் தண்ணீர் சிந்தியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. கைத்தடி வழுக்கி, இடுப்பு தரையில் மோத விழுந்தாள். விழுந்த சத்தத்தில் அவன் ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கே முறிந்தது என்று காத்திருந்தாள். எங்கேயும் முறியவில்லை. இடுப்பைத் தடவினாள், விலாவைத் தடவினாள். வெறும் விழுந்த வலி. எல்லாருக்கும் வருகிற வலி.

"ஒண்ணும் ஆகலங்க! ஒண்ணுமே ஆகல, பாருங்க!" என்று தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். கையை நீட்டினாள். "தூக்கி விடுங்க."

அவன் அசையவில்லை. முகம் வெளிறி, இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் அவளை ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துவந்தாள்.

"கெட்டியாயிடுச்சுங்க. டாக்டரம்மா சொன்னாங்கல்ல? இப்போ நீங்க தூக்கினா ஒடியாது."

"தெரியும்" என்றான். "கைக்குத் தெரியலடி."

சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து, ஈரத்தில் வழுக்காமல் துணி போட்டு, அவளுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தான். அவள் நாற்காலியின் காலைப் பிடித்து, பிறகு இருக்கையைப் பிடித்து, தானாகவே எழுந்தாள். அவள் எழுந்து நிற்கும்வரை அவன் நாற்காலியின் முதுகைப் பலமாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.